இரண்டாம் டவரின் சூடு

மாலை ஷிஃப்ட் மாறுவதற்குள் இரண்டாம் டவர் பாய்லர் நீராவி இல்லாமல் ஓடியாக வேண்டும். இல்லாவிட்டால் ஜோஸ்பின் போட்ட புதுக் குழாய்களைக் கழற்றிவிடச் சொல்லியிருந்தார் மேனேஜர் விசாலாக்ஷி. மும்பை மாட்டுங்காக்காரர், கறாருக்குப் பெயர் போனவர்.

அழுக்கான சால்வென்டை, அதாவது ரசாயனக் கரைப்பானை, டவர்களில் காய்ச்சி வடித்துச் சுத்தமாக்கும் செம்பூர் ஆலை அது. முதல் டவரின் உச்சியிலிருந்து கொதிக்கக் கொதிக்க வரும் ஆவியைக் கண்டென்சரில் தண்ணீர் விட்டுக் குளிரவைப்பார்கள். பக்கத்திலேயே இரண்டாம் டவரையும் சூடாக்கப் பாய்லரில் எரிவாயுவைக் கொளுத்தி நீராவி எடுப்பார்கள். இந்தக் கூத்து யார் கண்ணையும் உறுத்தவில்லை. சீத்தா கேம்ப் குடிசைப்பகுதியில் பிறந்து வளர்ந்த என்ஜினியர் ஜோஸ்பினுக்குத்தான் வயிறு எரிந்தது. முதல் டவரில் அழுத்தத்தை ஏற்றி ஆவியின் சூட்டைக் கூட்டி, அந்த ஆவியாலேயே இரண்டாவதைச் சூடாக்கக் குழாய் போட்டாள்.

ஆனால் காலையிலிருந்து அழுத்தம் ஏறவே இல்லை. நீராவியைக் குறைத்தால் இரண்டாம் டவர் உடனே சோர்ந்துவிடுகிறது. கணக்கைத் திரும்பவும் போட்டுப் பார்த்தாள், சரியாகத்தான் இருந்தது. மேல்தளத்துக்கு ஏறி, கண்டென்சரிலிருந்து திரும்பும் தண்ணீர்க் குழாயைத் தொட்டாள். சுட்டது. இரண்டாம் டவருக்குப் போக வேண்டிய சூடு மொத்தமும் அந்த வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

டவரைக் கிளப்பும்போது குளிர்தண்ணீர் வால்வை முழுக்கத் திறந்துவிடுவது இந்த ஆலையின் பழக்கம். புதிதாக வருகிறவனுக்கு முதலில் சொல்லித்தருவதே அதுதான். ஆபரேட்டர் கோமதிநாயகத்தின் கை இன்றும் தன்னாலே திறந்திருக்கிறது.

"மூடுனா பிரஷர் ஏறுமேம்மா," என்றார் அவர், தயங்கித் தயங்கி.

"ஏறணும்னுதான அண்ணாச்சி இத்தன பாடு. நான் பக்கத்துலயே நிக்கேன், மெதுவா மூடுங்க."

மூடினார். பிரஷர் மீட்டரின் முள் ஏறியது. ஜோஸ்பின் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. அவள் கணக்குப் போட்ட இடத்தில் முள் நின்றது. இரண்டாம் டவர் சூடேறியது. அதன் நீராவி வால்வைத் தன் கையாலேயே முழுக்க அடைத்தாள். லேபுக்கு அனுப்பிய சாம்பிளும் சுத்தமாக இருந்தது.

விசாலாக்ஷி வந்து நின்றபோது ஃபோன் அடித்தது. பாய்லர் அறையிலிருந்து தௌசீப், ஹிந்தியில் பொரிந்து தள்ளினான். டவரை நிறுத்துகிறவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டாமா, நீராவி பாதிகூடப் போகவில்லை, எது கெட்டுப்போயிற்று என்று கேட்டான். ஜோஸ்பின் ஃபோனை மேனேஜரிடம் நீட்டினாள்.

எதுவும் நிற்கவில்லை, இரண்டும் முழு வேகத்தில் ஓடுகின்றன என்று சொல்லி ஃபோனை வைத்தார் விசாலாக்ஷி. டவரை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"குழாயைக் கழட்ட வேண்டாம் ஜோஸ்பின். பாய்லரைத்தான் எடுத்துட்டுச் சின்னதா ஒண்ணு போடணும்."