பொட்டுக்குக் கீழே

காருக்கு விக்கல் எடுத்தா அதை யாரு மாமா நினைக்கிறாங்க, என்று கேட்டாள் அமலி, பள்ளிச் சீருடையோடு முன்சீட்டில் முட்டிபோட்டு, திறந்த பானட்டின் இடுக்கு வழியாக என்னைப் பார்த்தபடி, நான் எஞ்சினையே பார்த்து நிற்கிறேன், அது குலுங்குகிறது, இரண்டு முறை விக்குகிறது, நின்றுபோகிறது, அது போன வாரம், இன்று ஞாயிறு, அமலி இல்லை, அவள் அப்பா சவரிமுத்து மட்டும் என் ஒர்க்‌ஷாப் வாசலில் கைகட்டி நிற்கிறான், நாளை காலை ஐந்தரைக்கு அவன் கிளம்பியாக வேண்டும், வாரம் மூன்று நாள் கோவில்பட்டியிலிருந்து திருநெல்வேலிக்கு மூன்று பேரை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிறவன், வெள்ளிக்கிழமை ரயில்வே கேட்டில் தண்டவாளத்தின் மேலேயே வண்டி ஆஃப் ஆகிவிட்டது, மணி அடிக்கிறது, பின்சீட்டில் கோமதி டீச்சர் முருகா முருகா என்கிறார், கேட்கீப்பர் ஓடிவந்து தோள் கொடுத்துத் தள்ளியிருக்கிறார், இன்னொரு தடவை நின்னுச்சுன்னா நாங்க வேற வண்டி பாத்துக்கிடுதோம் என்று டீச்சரின் மகன் சொல்லிவிட்டான், நின்றால் வண்டி மட்டுமா போகும் என்று நினைத்தபடியே பானட்டைத் தூக்குகிறேன்.

ஓட்டத்துல ஒண்ணுமில்ல அண்ணாச்சி, ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்தாத்தான் செத்துருது, என்றான், கிளட்சை ஒழுங்கா மிதிக்கியாடே என்றேன், பதினெட்டு வருசமா மிதிக்கேன், இப்பத்தான் காலுக்கு மறதி வந்துச்சாக்கும் என்றான், சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை, பிளக் மாற்றியாயிற்று, இக்னிஷன் காயில் மாற்றிப் பார்த்தாயிற்று, காற்றை உள்ளே விடும் த்ராட்டிலைக் கழற்றிக் கரி துடைத்தாயிற்று, ஆறின எஞ்சின் நன்றாகத்தான் ஓடுகிறது, பத்து நிமிடம் சூடேறினால் உயிர் போகிறது, எங்கோ ஓட்டை வழியாக எஞ்சினுக்குள் திருட்டுக் காற்று போகிறது, அது போகிற இடத்தில் கிளீனரைப் பீய்ச்சினால் எஞ்சின் சத்தம் மாற வேண்டும், குழாய் குழாயாகப் பீய்ச்சுகிறேன், மாறவில்லை, அந்தப் பின்சீட்டைப் பார்க்காமலிருக்கப் பார்க்கிறேன், இரண்டு வருடம் அதில் உட்கார்ந்து போனவர் என் அப்பா, ஒருநாள் திரும்பும் வழியில் வாந்தியெடுத்து வேட்டியெல்லாம் நனைத்துவிட்டார், கயத்தாறுக்கு இந்தப் பக்கம் வண்டியை நிறுத்தி, சீட்டைக் கழுவி, அப்பாவையும் குளிப்பாட்டி, தன் கைலியை உடுத்திவிட்டு, வேட்டியை அலசி பானட்டின் மேல் காயப்போட்டு, காய்ந்தபின் கட்டிவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் வீட்டு வாசலில் இறக்கினான் இவன், என் மகன்ட்ட சொல்லாதடேன்னேன், சொல்லாமயே இருந்துட்டான் அந்தப் பிள்ளை, என்று அப்பா கடைசிப் படுக்கையில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறார், சொன்னார், எனக்குத் தெரியும் என்பது இன்றுவரை சவரிமுத்துவுக்குத் தெரியாது.

எஞ்சின் மறுபடி குலுங்குகிறது, விளக்கை இன்னும் கிட்டத்தில் பிடிக்கிறேன், சனிக்கிழமைதோறும் சவரிமுத்து துணியால் துடைப்பதால் எல்லாக் குழாயும் கறுப்பாக மின்னுகிறது, ஒன்றின் வளைவில் மட்டும் சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம், சுற்றிலும் வளையமாகத் தூசி, ஆயுத பூஜைக்கு ஒர்க்‌ஷாப்பில் நின்ற வண்டிக்கெல்லாம் நான் வைத்தது, ஏண்டே இதை மட்டும் துடைக்கல என்றேன், உங்க சாமி பொட்டுல்லா அண்ணாச்சி, நான் எப்பிடித் துடைக்க, என்றான், உள்ளே கண்ணாடியில் அவன் ஜெபமாலை எஞ்சினோடு சேர்ந்து நடுங்குகிறது, அப்போதுதான் என் கை செய்ததை நான் கண்டுபிடித்தேன், பீய்ச்சும்போதெல்லாம் அதுவும் பொட்டின் மேல் படாமல் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது, முருகா பொறுத்துக்கோ என்று கட்டைவிரலால் துடைத்தேன், அடியில் நகக்கீறல்போல ஒரு வெடிப்பு, சூட்டில் வாய் திறந்து உஸ்ஸென்று காற்றை இழுக்கிறது, விரலை வைத்து அழுத்தினால் எஞ்சின் அமைதியாகிறது, எடுத்தால் உதறுகிறது, வைத்தேன், எடுத்தேன், வைத்தேன், மூன்று பேரின் உயிருக்கு ஊறு செய்யும் வெடிப்பை மூடிக்கொண்டிருக்க எந்தச் சாமி கேட்டது, நாங்களாகத்தான் பயந்தோம், அவன் என் சாமிக்கு, நான் என் சாமிக்கு.

குழாய் கிடைக்குமா அண்ணாச்சி, இன்னைக்கு எல்லாக் கடையும் அடைப்புல்லா, என்றான், குரல் இறங்கிவிட்டது, டேப் சுற்றினால் சூட்டில் இளகிவிடும், அவனுக்கும் தெரியும், நீ பூசைக்குப் போயிட்டு வாடே, மாதா கோயில்ல மணி அடிச்சாச்சு, என்றேன், அவன் தலை தெருமுனையில் மறைகிறவரை நின்றேன், பிறகு உள்ளே போய் என் காரின் பானட்டைத் தூக்கினேன், அதே கம்பெனி, அதே மாடல், குழாயைக் கழற்றி அவன் வண்டியில் மாட்டி, முக்கால் மணி நேரம் ஓடவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், உறங்குகிறவன் மூச்சுபோல ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது, எங்க பிடிச்சிய அண்ணாச்சி என்று திரும்பி வந்தவன் கேட்கிறான், பழசு ஒண்ணு கெடந்துச்சுடே, காலைல வெள்ளனமே கெளம்பு, டீச்சர் காத்திருப்பாக, என்கிறேன், அவன் போய்விட்டான், நான் என் காரில் குழாய் இருந்த துளையைச் சுத்தமான துணி வைத்து அடைத்தேன், பானட்டைச் சத்தமில்லாமல் மூடினேன், ஷட்டரை இறக்கிவிட்டு டவுன் பஸ்ஸுக்கு நடந்தேன்.