கடைசிப் பத்து விநாடி

சட்டைக்குப் பொத்தான் துளை போடும் என் மனைவியின் காஜா மெஷினுக்குள் நகம் அளவில் ஒரு பல்சக்கரம் உண்டு. அது உடைந்ததிலிருந்து எங்கள் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. கம்பெனி அந்த மாடலைக் கைகழுவிப் பல வருடம் ஆகிறது. அவளிடமோ ஒரு ஹோட்டல் ஊழியர்களுக்கான அறுபது சட்டைகள். சட்டைக்கு ஏழு காஜா. மாதக் கடைசிக்குள் கொடுத்தாக வேண்டும். கையாலேயே எடுக்க ஆரம்பித்தாள். இரண்டாம் நாளே கட்டைவிரல் வீங்கிவிட்டது. ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ரிப்பேர் செய்கிறவன் நான், பெண்டாட்டி மெஷினுக்கு வழியில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

இணைய ஏலத்தில் அதே மாடல் பழைய மெஷின் மூன்று இருந்தன. எங்கள் சூப்பர்வைசர் இந்த விஷயத்தில் பழம் தின்று கொட்டை போட்டவர்.

"முன்னாடியே கேட்டீங்கன்னா நீங்களே விலையை ஏத்திவிட்ட மாதிரி. ஒண்ணும் தெரியாதவர் மாதிரி இருந்துட்டு, கடைசிப் பத்து செகண்ட்ல கேளுங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை முதல் மெஷின். கட்டைவிரலைப் போன் மேல் வைத்துக் காத்திருந்தேன். இன்னும் இரண்டு நிமிடம் இருக்கும்போது, 'விற்பவர் இந்தப் பொருளை நீக்கிவிட்டார்' என்று வந்தது. வியாழக்கிழமை ஆறாவது மாடியில், லிஃப்ட் பெட்டியின் தலைமேல் உட்கார்ந்தபடி காத்திருந்தேன். அங்கேயும் அதே வாசகம். சனிக்கிழமை மூன்றாவதும் போனது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எனக்குக் கைக்கே எட்டவில்லை.

கோபம் தலைக்கேறி அந்த மூன்றாவது ஆளுக்கு எழுதினேன்: "விக்கிற எண்ணம் இல்லேன்னா எதுக்குங்க ஏலத்துல போடுறீங்க? எங்க உயிரை வாங்கவா?"

பதில் உடனே வந்தது. ஒரு ரிட்டயரான டீச்சரம்மா.

"தம்பி, ஆறு நாளா ஒருத்தர்கூடக் கேக்கல. யாருக்கும் வேணாம் போலன்னு இப்பத்தான் பழைய இரும்புக்காரர்கிட்ட தூக்கிக் குடுத்தேன். வேணும்னா முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

என் மனைவி அதை வாங்கிப் படித்தாள். வீங்கிய விரலை வெந்நீரில் வைத்துக்கொண்டே சிரித்தாள்.

"இது எனக்குப் பழகின கதைதானே? எங்க கம்பெனி லிஃப்டை நீங்க பதினோரு தடவை ரிப்பேர் பண்ண வந்தீங்க. ஒரு தடவையாவது வாய் திறந்தீங்களா? நான் வேலையை விட்டுட்டு பெட்டியோட லிஃப்ட்ல ஏறின அன்னைக்குத்தான், 'என்னைக் கட்டிக்கிறீங்களா'ன்னு கேட்டீங்க. அந்தக் கதவு மூடியிருந்தா?"

"மூடலையே! பத்து செகண்ட்ல மூட வேண்டிய கதவு, அன்னைக்கு ஒரு நிமிஷம் நின்னுச்சு. நம்ம அதிர்ஷ்டம்."

அது பொய்யில்லை. மறுநாளே அந்தக் கதவைக் கழற்றிப் பார்த்தேன், ஒரு கோளாறும் இல்லை.

அவள் விரலைத் துடைத்துக்கொண்டு ஊசியை எடுத்தாள்.

ஞாயிறு காலை நான்காவதாக ஒன்று வந்தது. சூப்பர்வைசராவது மண்ணாவது என்று, என்னால் முடிந்த விலையை அப்போதே கேட்டேன். கூடவே அறுபது சட்டை, வீங்கிய விரல், உடைந்த பல்சக்கரம் எல்லாவற்றையும் கொட்டி ஒரு கடிதம் எழுதினேன். அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்.

அரை மணி நேரத்தில் போன் ஒலித்தது. 'விற்பவர் இந்தப் பொருளை நீக்கிவிட்டார்.'

எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. போனைத் தூக்கி எறியப் போனபோது இன்னொரு செய்தி வந்தது.

"ஏலத்தை நிறுத்திட்டேங்க. உங்க விலைக்கே தர்றேன், இன்னைக்கே வந்து எடுத்துக்கோங்க. வீட்டம்மாவைக் கையால தைக்க வேணாம்னு சொல்லுங்க."

நான் ஒரு குதி குதித்தேன். செருப்பை மாட்டும்போதுதான், எங்கோ ஒருவன் கடைசிப் பத்து விநாடிக்காகக் காத்திருந்திருப்பானே என்று தோன்றியது.

"பாவம்ல அவன்?" என்றேன். "எனக்கு அன்னைக்கு நின்ன மாதிரி அவனுக்கும் கதவு கொஞ்ச நேரம் நின்னிருக்கலாம்."

அவள் காஜாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கதவு எங்கங்க நின்னுச்சு? நீங்க முழிச்சுக்கிட்டு நின்னீங்க. நான்தான் காலை வச்சுத் தடுத்துக்கிட்டு இருந்தேன்."