திரும்பி வரக் கூடாத மேகசின்கள்

மாநில எல்லைக்குப் பக்கத்து ஊரான வெர்டியில் பெட்ரோல் பங்க் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு, என் கணவன் ட்வைட் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டான். இன்னும் கொஞ்ச தூரம் போனால் கலிஃபோர்னியா, எங்கள் மாநிலம். பின்சீட்டுப் பையில் நான்கு மேகசின்கள் இருந்தன. துப்பாக்கிப் பிடிக்குள் செருகுகிற தோட்டாக் கூடுதான், ஒவ்வொன்றிலும் பதினேழு போகும். எங்கள் மாநிலத்தில் பத்துக்கு மேல் போகிறதை வாங்கக் கூடாது, விற்கக் கூடாது, வெளியிலிருந்து கொண்டுவரவும் கூடாது.

ட்வைட் ஒன்றும் திருட்டுத்தனமாக வாங்கவில்லை. கோர்ட்டு அந்தத் தடையை ஒருமுறை தூக்கி, ஒரே வாரத்தில் மறுபடி இறக்கி வைத்தது. அந்த வாரத்தில் எங்கள் ஊர்க் கடை வாசலில் வெயிலில் வரிசையில் நின்று வாங்கியவன் அவன். அப்போது வாங்கியது செல்லும், வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். வீட்டிலேயே வைத்திருந்திருக்கலாம். ஆனால் பக்கத்து மாநிலத்து ரீனோவில் நடக்கும் சுடும் போட்டிக்குப் பத்துத் தோட்டா போகிற கூட்டோடு போனால், வந்துட்டான்யா கலிஃபோர்னியாக்காரன் என்று ஓட்டுவார்கள். அந்தக் கேலிக்குப் பயந்து பெரியதைத் தூக்கிக்கொண்டு போனான். போட்டி முடிந்து மூட்டை கட்டும்போது அவன் ரீனோ சிநேகிதன் எம்மெட் கேட்டான்.

"கொண்டு வந்துட்ட, சரி. எப்படிடா திரும்பக் கொண்டு போவ?"

அதிலிருந்து ட்வைட் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

வேறு சமயமாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். மரம் அறுக்கும் மில்லை மூடியபின் இரண்டு வருஷமாக வேலையில்லாமல் இருந்தவனுக்கு, இப்போதுதான் மாவட்டச் சிறையில் காவல் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அவன் பேரில் ஒரு வழக்கு விழுந்தால் அந்த வேலை அன்றோடு போச்சு.

"உனக்கு வித்த கடைக்காரர்கிட்டக் கேளு," என்றேன். ட்வைட் போனை ஸ்பீக்கரில் போட்டான்.

"உன் பொருள்தானே தம்பி, தாராளமா கொண்டு வா," என்றார் கடைக்காரர். "ஆனா ஒண்ணு, நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாத."

அடுத்து ஒரு வக்கீல். "ரொம்பப் பழசா இருந்தா, வெளிய எடுத்துப் போயிட்டுத் திரும்பக் கொண்டு வரலாம்னு சட்டத்துல ஒரு விலக்கு இருக்குங்க. நீங்க வாங்கின அந்த வாரத்தைப் பத்தி அதுல ஒரு வார்த்தை இல்ல."

"இல்லைன்னா கொண்டு வரலாமா, கூடாதா?"

"அதான் யாருக்கும் தெரியாது. யார் மேலயாவது கேஸ் போட்டு நடந்தாத்தான் தெரியும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்த யாரோ எங்க வீட்டுக்காரரா இருக்கணுமா?" என்று கேட்டுவிட்டு நானே போனை வைத்தேன்.

கடைசியாக எங்கள் மாநிலப் போலீஸுக்குப் போன் அடித்தோம். ட்வைட் பெயரைச் சொல்லவில்லை. போனை எடுத்த பெண் நிதானமாகக் கேட்டுவிட்டு, "வீட்டுல வெச்சிருந்தா பிரச்சனை இல்ல சார். கொண்டு வர்றதைப் பத்தி நாங்க ஆலோசனை சொல்லக் கூடாது, ஒரு வக்கீலைக் கேளுங்க," என்றாள்.

"ஷெல்லி, நான் முறையா வாங்கினது. அதை எதுக்குக் குப்பை மாதிரி விட்டுட்டு வரணும்?" என்றான் ட்வைட். பாவமாகவும் இருந்தது, இழுத்து ஓர் அறை விடலாம் போலவும் இருந்தது.

"வேலை வேணுமா, அந்தத் தகரம் வேணுமா?"

போனை எடுத்து எம்மெட்டைக் கூப்பிட்டான். எம்மெட் ரீனோவிலிருந்து வந்து பையை வாங்கித் தட்டிக்கொடுத்து, "உன் புள்ளைங்களைப் பாக்க அப்பப்ப வந்துட்டுப் போடா," என்றான். ட்வைட் சிரிக்கவில்லை. அவை இனி வீட்டுக்கு வராது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

எல்லை தாண்டியதும் டிரக்கி ஊர்ச் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினார்கள். சீருடைக்காரர் ஜன்னலில் குனிந்தார்.

"பழம் ஏதாவது இருக்கா?"

இரண்டு பீச் பழம் இருந்தது. "வெளி மாநிலப் பழம் உள்ள வரக் கூடாதும்மா, பூச்சி வந்துடும்," என்று எடுத்துக்கொண்டார். அன்றைக்கு முழுக்க எங்களுக்குக் கிடைத்த ஒரே நேரான பதில் அதுதான். அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

திங்கட்கிழமை ட்வைட் வேலையில் சேர்ந்தான். பயிற்சி முடிந்த அன்று ஆயுதக் கிடங்கில் கைத்துப்பாக்கியும் மூன்று மேகசின்களும் கொடுத்தார்கள். அதே கம்பெனி, அதே பதினேழு. சட்டையில் பேட்ஜ் இருந்தால் சட்டத்துக்கு எந்த ஆட்சேபமும் இல்லையாம்.

ராத்திரிச் சாப்பாட்டில் உருளைக்கிழங்கை நசுக்கிக்கொண்டே சொன்னான்.

"சார்ஜென்ட்டைக் கேட்டேன். லீவு நாள்ல இதை ரீனோவுக்கு எடுத்துட்டுப் போயிட்டுத் திரும்பி வரலாமான்னு."

"என்ன சொன்னாரு?"

"ஒரு நல்ல வக்கீலாப் பார்த்துக் கேளுப்பான்னு சொல்லிட்டாரு."