அரைத் தட்டு உப்புமா

செஞ்சிக் கோட்டை வாசலுக்குச் சற்றுத் தள்ளி, புளியமரத்தடியில் நின்ற வெள்ளை வண்டிக்குள் மணிமொழி ரவை டப்பாவைத் திறந்தபோது உள்ளே வண்டு ஓடியது.

அவள் அப்போதுதான் வயிற்றில் இன்சுலின் ஊசி போட்டு முடித்திருந்தாள், ஒரு முழுத் தட்டு உப்புமாவுக்குக் கணக்காக. ரவையைச் சலித்துப் பார்த்தாள். தேறியது ஒரு ஆளுக்கு வரும், இரண்டு பேருக்கு வராது.

“இன்னாங்க, ஓட்டல்ல நாலு இட்லி வாங்கிட்டு வந்துடுங்களேன்.”

முன் இருக்கையில் சாலை வரைபடம் பார்த்துக்கொண்டிருந்த அரங்கநாதன் திரும்பவில்லை. “நாளைக்கு அவலூர்பேட்டைல சாமான் வாங்கப் போறோம். இன்னைக்கு ஒரு நாள் இருக்கறத வெச்சுச் சமாளி. பையில வாழைப்பழம் இருக்குது, பிஸ்கெட் இருக்குது.”

இருவரும் புதுச்சேரியில் பிறந்தவர்கள். கல்யாணமானதும் பிரான்சுக்குப் போய், லியோனில் குடியுரிமை வாங்கி அங்கேயே தங்கிவிட்டார்கள். அரங்கநாதன் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வுப் பணத்தில் படுக்கையும் அடுப்பும் வைத்த வண்டி ஒன்றை வாங்கி, கப்பலில் மும்பைக்கு அனுப்பி, அங்கிருந்து கன்னியாகுமரி வரைக்கும் தானே ஓட்டிப் போகவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மும்பைத் துறைமுகத்தில் வண்டியை வெளியே எடுப்பதற்குள் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு செலவாகிவிட்டது. டீசலைக் குறைக்க முடியாது, சுங்கச்சாவடியில் பேரம் பேச முடியாது. கடைசியில் அவர் கைவைத்தது மளிகையில். வாரத்துக்கு ஒரே ஒரு தடவைதான் கடைக்குப் போவார்கள். அதற்கென்று எடுத்து வைத்தது தீர்ந்தால் அடுத்த வாரம் வரை கையில் இருப்பதுதான் சாப்பாடு.

முதலில் மணிமொழிக்கு அது விளையாட்டாகத்தான் இருந்தது. எந்த ஊரில் எந்தக் காய் மலிவு என்று கேட்டு வாங்குவாள், அவர் பாராட்டுவார். கோவாவில் மீன் வாங்கியதற்கு ஒருநாள் முழுக்க அவர் பேசாமல் இருந்தபோது விளையாட்டு முடிந்துபோனது. அதன்பிறகு எதைக் கேட்டாலும் சண்டை. கையில் ஒட்டிக்கொண்டு சர்க்கரை அளவு காட்டும் சென்சார் ஹம்பியிலேயே தீர்ந்தது. விரலில் குத்திப் பார்க்கும் பழைய கருவியே போதும் என்று அவள்தான் சொல்லிக்கொண்டாள். கேட்டுச் சண்டை போட அவளுக்குத் தெம்பில்லை.

இன்றும் அப்படித்தான். உப்புமாவில் பெரும்பங்கை அவருடைய தட்டில் போட்டுவிட்டு, மீதியைத் தன் தட்டில் பரப்பி வைத்துக்கொண்டாள். மலை ஏறும் வழியில் இரண்டு பழம் சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

கோட்டை வாசலில் இருந்த காவலாளி பையைப் பார்த்துவிட்டு, “தின்றது எதுவும் மேல எடுத்துக்கினு போவாதீங்க சார். கொரங்கு வுடாது,” என்றார்.

“நான் கையிலதான் வெச்சிருக்கேன்,” என்றார் அரங்கநாதன்.

கோட்டை மலைகளில் உயரமான ராஜகிரியின் உச்சியில் அரங்கநாதர் கோயில் ஒன்று இருக்கிறது. அரங்கநாதனின் அம்மா வழிச் சொந்த ஊர் பக்கத்திலிருக்கும் சிங்கவரம். அங்கே பள்ளிகொண்ட பெருமாளின் பெயரைத்தான் அவருக்கு வைத்தார்கள். முந்தின நாள் சிங்கவரம் பார்த்தாகிவிட்டது. இன்று மேலே இருப்பவரையும் பார்த்தே ஆகவேண்டும் என்று விறுவிறுவென்று ஏறினார்.

கமலக்கண்ணியம்மன் கோயிலைத் தாண்டி ஒரு திருப்பத்தில் மணிமொழி நின்றாள். “ஒரு பழம் குடுங்க.”

அவர் பையின் வாயைத் திறந்ததுதான் தெரியும். மதில்மேல் இருந்து ஒரு கடுவன் குரங்கு இறங்கியது. பையை அவர் இழுக்க, அது பல்லைக் காட்டியது. கை தளர்ந்த நொடியில் பை போய்விட்டது. பாறை உச்சியில் உட்கார்ந்து பழத்தை உரித்தது, பிஸ்கெட் பொட்டலத்தைக் கிழித்தது. அவள் எப்போதும் கூடவே வைத்திருக்கும் குளுக்கோஸ் மாத்திரை டப்பாவும் அந்தப் பையில்தான் இருந்தது. குரங்கு அதைக் கடித்துப் பார்த்துவிட்டுப் பள்ளத்தில் எறிந்தது.

அரங்கநாதன் கல்லெடுத்து எறிந்தார். குரங்கு அசையவில்லை.

“திரும்பிடலாங்க,” என்றாள் மணிமொழி.

“இவ்வளவு தூரம் வந்துட்டு திரும்பறதா? டிக்கெட் வேற வாங்கியாச்சு. காலைல சாப்டியே, ஒண்ணும் ஆவாது. இன்னும் கொஞ்சந்தான்.”

அரைத் தட்டுதான் சாப்பிட்டேன் என்று அப்போது சொல்லியிருக்கலாம். ஏன் மறைத்தாய் என்று படிக்கட்டிலேயே ஆரம்பிப்பார். அவள் அடுத்த படியில் கால் வைத்தாள்.

வியர்த்தது. வெயிலில் எல்லோருக்கும்தான் வியர்க்கும். கை நடுங்கியது. ஏறின களைப்பு என்று நினைத்தாள். பிறகு படிகள் ஒன்றின்மேல் ஒன்றாக மிதப்பதுபோல் தெரிந்தன. அதற்கப்புறம் நடந்தது எதுவும் அவளுக்கு ஞாபகமில்லை.

உச்சிக்கு முன்னால் பாறை இரண்டாகப் பிளந்து கிடக்கும். அந்தப் பிளவைக் கடக்க ஒரு பாலம். அரங்கநாதன் பாலத்தைத் தாண்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது மணிமொழி அந்தப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. ஜாக்கெட் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது.

“வா மணி.”

அவள் பாலத்தை விட்டு விலகி, பிளவின் ஓரமாக நடக்க ஆரம்பித்தாள்.

அவர் ஓடிவந்து கையைப் பிடித்தார். கை ஜில்லென்று இருந்தது. அவள் உதறினாள். “விடு. பிள்ளைங்களுக்குச் சாப்பாடு போடணும், மணி ஆச்சு,” என்று பிரெஞ்சில் சொன்னாள். பள்ளிக்கூடச் சமையலறையில் அவள் வேலை பார்த்தது பல வருடங்களுக்கு முன்னால்.

சர்க்கரை இறங்கிவிட்டது என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. இப்படி ஒரே ஒரு தடவை, மகள் பிறந்த வருடத்தில், பார்த்திருக்கிறார். அன்று ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. சட்டைப்பையில் தடவினார், சாவியும் கைப்பேசியும்தான் இருந்தன. கைப்பேசியில் சிக்னல் இல்லை. சுற்றிலும் வெயிலும் பாறையும்தான். அவளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாறைச் சுவரோடு சாய்ந்தார். அவள் திமிறினாள். நகம் அவர் கழுத்தைக் கீறியது. கைக்கெட்டும் தூரத்தில் பள்ளம்.

“யாராவது இருக்கீங்களா,” என்று கத்தினார்.

உச்சியிலிருந்து ஒரு கணவன் மனைவி இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். செஞ்சியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் ஜுபைர், அவர் மனைவி அப்ஸானா. கல்யாண நாள் என்று அன்று பட்டறையை மூடியிருந்தார்கள். பெரியவர் ஒருவர் ஒரு அம்மாளைப் பலவந்தமாகப் பிடித்திருப்பதைப் பார்த்ததும் ஜுபைர் பாலத்தில் ஓடிவந்தார்.

“இன்னா சார் பண்றீங்க? அவங்கள வுடுங்க.”

“என் வீட்டுக்காரி தம்பி. சக்கரை கொறைஞ்சிடுச்சு. விட்டா விழுந்துடுவா. இனிப்பா எதுனா இருந்தா குடுங்க.”

ஜுபைர் அவர் முகத்தையும் கழுத்துக் கீறலையும் பார்த்தார். பிறகு மறுபேச்சில்லாமல் பிளவின் பக்கமாகப் போய், மறைப்பாக நின்றுகொண்டார்.

“தின்றதுக்கு ஒண்ணும் எடுத்தாரல சார். கொரங்குக்குப் பயந்துக்கினு எல்லாம் வண்டியிலயே வெச்சுட்டோம். தண்ணிதான் இருக்குது.” மனைவியைப் பார்த்தார். “நீ இவங்களோட இரு. காலேஜ் பசங்க கொஞ்சம் பேர் ஏறி வந்துக்கினு இருந்தாங்கல்ல, அவனுங்க கிட்ட எதுனா இருக்கும்.” படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினார்.

மணிமொழியின் திமிறல் குறைந்தது. அது அரங்கநாதனை இன்னும் பயமுறுத்தியது. தலை அவர் தோளில் சரிந்தது. கண் பாதி மூடியிருந்தது.

“தூங்க வுடாதீங்க ஐயா, பேசிக்கினே இருங்க,” என்றபடி அப்ஸானா தன் சின்னக் கைப்பையைத் தரையில் கொட்டினாள். சாவி, சீப்பு, ஆதார் அட்டை, கசங்கிய ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்று. “போன வாரம் பொண்ணுக்கு வயித்தால போச்சுன்னு வாங்கினது. இதுல குளுக்கோஸ் இருக்குது இல்ல?”

“இருக்குது. இருக்குதும்மா.”

பாட்டிலில் இருந்த தண்ணீரில் பாதியைக் கொட்டிவிட்டு, தூளைப் போட்டுக் குலுக்கினாள். வாயருகே கொண்டுபோனபோது மணிமொழி கண்ணைத் திறந்து பாட்டிலைத் தட்டிவிட்டாள். கொஞ்சம் பாறையில் சிந்தியது.

“குடி மணி. உன் கால்ல விழறேன், குடி.”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு அவரை யாரோ அந்நியனைப்போல் பார்த்தாள்.

அப்ஸானா அவரைச் சற்று விலகச் சொன்னாள். மணிமொழியின் எதிரே உட்கார்ந்து, பாட்டிலில் இருந்து தானே ஒரு வாய் குடித்தாள். “பாத்தீங்களாம்மா, ஒண்ணுமில்ல, உப்புத்தண்ணிதான். நான் குடிச்சுட்டேன். இப்ப நீங்க ஒரு வாய்.”

மணிமொழி அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வாயைத் திறந்தாள். ஒரு வாய், இன்னொரு வாய். தொண்டையில் இறங்குவதை அரங்கநாதன் பார்த்துக்கொண்டே இருந்தார். பாட்டில் காலியானது. எதுவும் மாறவில்லை. அப்ஸானா உதடு மட்டும் அசைய ஏதோ ஓதினாள்.

ஜுபைர் மூச்சிரைக்க மாம்பழ ஜூஸ் பாட்டிலோடு வந்து சேர்ந்தபோது மணிமொழியின் கண்கள் ஒரு இடத்தில் நிற்கத் தொடங்கியிருந்தன. ஜூஸை அவளே கையில் வாங்கிக் குடித்தாள். பாதி குடித்ததும் நிறுத்திவிட்டு, “உங்க கழுத்துல இன்னா ரத்தம்?” என்று கணவரைக் கேட்டாள்.

அரங்கநாதன் பாறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பேசியபோது குரல் கோபமாகத்தான் வந்தது. “காலைல நல்லாத்தான சாப்டே? எப்படி இவ்வளவு கொறையும்?”

“அரைத் தட்டுதான் சாப்டேன். ஊசி போட்ட அப்புறந்தான் ரவையில வண்டு இருந்தத பாத்தேன். மிச்சத்த உங்களுக்குப் போட்டுட்டேன்.”

“சொல்ல வேணாமா மணி?”

“இட்லி கேட்டேன் இல்ல.”

ஜுபைர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

இறங்க வெகுநேரம் பிடித்தது. ஒரு பக்கம் அப்ஸானாவும் மறுபக்கம் அரங்கநாதனும் பிடித்துக்கொண்டார்கள். கீழே வந்ததும் முதல் வேலையாக வண்டிக்குள் போய் விரலில் குத்திப் பார்த்தார்கள். அளவு பயமில்லாத இடத்துக்கு வந்திருந்தது. ஆனாலும் அது மறுபடி இறங்கலாம், வயிறாரச் சாப்பிட்டாக வேண்டும்.

“வீடு பக்கத்துலதான். சோறு ஆக்கி வெச்சுட்டுத்தான் வந்தோம்,” என்றாள் அப்ஸானா.

அரங்கநாதன் வாயைத் திறந்தார். யார் வீட்டிலும் கடன்படக் கூடாது என்பது பயணம் தொடங்கியதிலிருந்து அவர் வைத்திருந்த இன்னொரு விதி. அவர் சொல்லி முடிப்பதற்குள் மணிமொழி, “வரோம்மா,” என்று எழுந்துவிட்டாள்.

அப்ஸானா வீட்டில் குஸ்காவும் தாளிச்சாவும் இருந்தன. மணிமொழி வயிறாரச் சாப்பிட்டாள். அரங்கநாதன் தன் தட்டைத் தொடாமல் அவள் கை வாய்க்குப் போவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்ஸானா சொன்ன பிறகுதான் அவரும் சாப்பிட்டார்.

மாலையில் வண்டிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தபோது மணிமொழி பேச்சை எடுத்தாள்.

“கன்னியாகுமரி வரைக்கும் போவணும்னா இன்னும் இப்படித்தான் இருக்கணும், இல்ல?”

“பாத்து செய்யலாம். இனிமே நீ கேக்கறத…”

“நான் கேக்கறதப் பத்தி இல்லங்க. கேக்கவே பயமா இருக்குது எனக்கு. அதைத்தான் சொல்றேன். ஊரைக் கொறைச்சுக்கலாம். சாப்பாட்டக் கொறைக்க வேணாம். புதுச்சேரியில நின்னுடலாம். வண்டிய அங்கிருந்து சென்னைக்கு ஓட்டிப் போய் கப்பல்ல ஏத்திடலாம்.”

இருபது வருடமாக அவர் சேர்த்து வைத்த ஆசை அது என்று அவளுக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் சொன்னதை அவள் திரும்பப் பெறவில்லை.

அவர் எழுந்து வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். சக்கரத்தைக் காலால் தட்டிப் பார்த்தார். திரும்பி வந்து, “மதுரையாவது பாத்துடலாமா?” என்றார்.

“என் சாப்பாட்டச் செலவுன்னு சொல்லாம இருப்பீங்கன்னா, மதுரை வரைக்கும் வரேன்.”

“சரி,” என்றார்.

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, அவள் எதுவும் கேட்காமலேயே, இட்லிக் கடை எது என்று விசாரிக்க ரோட்டுப் பக்கம் நடந்தார்.