கறுப்புக் களிக்கு அடியில்

அந்த ஆபீசருக்கு எதையும் சுருக்கமாகச் சொல்லத் தெரியாது. எழுபத்து நாலாம் வருஷ வறட்சியில், சாக்கோட்டைக்கு மேற்கே எங்கள் ஊர்க் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தோம். கீழே என் வீட்டுக்காரர் செம்மலை. மேலே மண்கூடை இழுக்க நானும் என் தம்பி சோணையும். செம்புறாங்கல் முடிந்தது, வெள்ளை மணல்கல்லும் முடிந்தது. அன்று கறுப்புக் களிமண் வந்தது. நிலத்தடி நீர் பார்க்க வந்த ஆபீசர் ஒரு கட்டியை உடைத்தார். உள்ளே நரம்பு தெரிய ஓர் இலை!

"நிலக்கரியா ஆகப் பாத்து, ஆகாமப் போன மண்ணும்மா இது. கோடிக்கணக்கான வருஷத்துக்கு முந்தி இங்க ஓயாத மழை, சதுப்புக்காடு. விழுந்த இலை காத்துப் படாம, மக்காம, தண்ணிக்குள்ளயே கிடந்து அமுங்கிக் கறுத்திருச்சு. அப்புறம் வெயிலும் மழையும் மாறி மாறி வந்த காலத்துலதான் மேல செம்புறாங்கல்..."

"மழை பெஞ்ச கதை இருக்கட்டும் சார். தண்ணி வருமா?"

"அதத்தான் சொல்ல வர்றேன். காட்டுக்கு முந்தி இங்க ஆறு ஓடுச்சு. களிக்கு அடியில ஆத்துமணல், அதுல தண்ணி மூடி போட்ட மாதிரி அழுந்திக் கிடக்கு. போன வாரம் அரியக்குடியில களியைத் துளைச்சதும் ஆள் உயரத்துக்குப் பீச்சி அடிச்சுது. கீழ ஆள் இருக்கவே கூடாது!"

இதை முதலில் சொல்லித் தொலைத்தால் என்ன? கிணற்று விளிம்புக்கு ஓடிக் குனிந்தேன்.

"ஏறி வாங்க!" என்று கத்தினேன்.

"களி கசியுது கருப்பி! இன்னும் நாலு குத்துதான். இப்ப ஏறுனா, நாளைக்கு முறை வெட்டுற ஏகப்பன்ல எறங்கித் தொறப்பான்!"

ஊற்றைத் திறக்கிறவருக்கு ஊரே மாலை போட்டுத் தலைப்பாகை கட்டும். அந்த மாலைக்காக என் தாலியைப் பணயம் வைக்கிறார் மனிதர். கடப்பாரைச் சத்தம் நிற்கவில்லை. நான் சேலையை வரிந்து கட்டி, கிணற்றுச் சுவரில் வெட்டியிருந்த படிக்குழியில் காலை வைத்து இறங்கினேன்.

"ஏய், என்ன செய்யிற?"

"நானும் வாறேன். ரெண்டு பேருமாத் தொறப்போம்."

"பிள்ளைகளை யாரு பாத்துக்கிறது?"

"அதைத் தண்ணிக்கிட்டக் கேளுங்க."

கடப்பாரை நின்றது. கூடைக் கயிறு அவர் பிடியில் விறைத்தது. சோணையும் ஆபீசரும் இழுத்தார்கள், நான் மேலே தொற்றி ஏறினேன். அவர் பாதிக் கிணறு வந்திருப்பார். அடியில் ஏதோ உறுமியது. கறுப்புச் சேறும் மணலுமாகத் தண்ணீர் எழும்பி அவரை இடுப்புவரை நனைத்தது. அவர் நின்ற இடம் ஒரு நொடியில் காணாமல் போனது.

வெளியே வந்து விழுந்தவர் முகத்தைக்கூடத் துடைக்கவில்லை.

"நெசமாவே எறங்கியிருப்பியா?"

"எறங்கிக்கிட்டுத்தானே இருந்தேன்" என்றேன்.

ஆத்திரம் தாங்காமல் அந்தச் சேற்றுக் கன்னத்தில் ஓர் அறை விட்டேன். பிறகு, சத்தம் கேட்டு ஓடி வந்த ஊரார் அத்தனை பேரும் பார்க்க அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன்.