ஐந்தாவது பாட்டு

“அம்மா, பிராணன் போன நேரத்தை மட்டும் சரியாச் சொல்லிடுங்கோ” என்று வாத்யார் பராசரன் மறுபடியும் கேட்டபோது, அரவிந்தவல்லி ஐஸ் பெட்டியின் பிளக்கைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். கையை எடுத்தால் கழன்று விழுந்தது. உள்ளே படுத்திருந்த அவள் கணவர் ஜனார்தன்தான் அந்தப் பிளக் பாயிண்டை ரிப்பேர் பண்ணுகிறேன் என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“பத்தரை வரைக்கும் தசமி. அப்புறம் ஏகாதசி. வருஷா வருஷம் திதி குடுக்கணுமே, அதான் கேக்கறேன்.”

“ஏகாதசிதான், இதுல என்ன சந்தேகம்?” என்றார் ஜனார்தனின் தம்பி வெங்கட்ராகவன். பிள்ளையில்லாத அண்ணனுக்குக் கொள்ளி வைக்கப் போகிறவர் அவர். அதை ஒரு பதவி உயர்வு மாதிரி ஏற்றுக்கொண்டிருந்தார். “பதினோரு மணின்னு மன்னியே சொன்னாளே. ஏகாதசி எல்லாருக்கும் கிடைச்சுடுமா? நேரே திருநாடுதான், வைகுண்டம்தான்.”

கூடத்திலிருந்தவர்கள் ஐஸ் பெட்டியைப் புது மரியாதையோடு பார்த்தார்கள். ஏகாதசியன்று வெங்காய சாம்பார் கேட்டு அடம்பிடித்த மனுஷன் ஒரே காலையில் புண்யாத்மா ஆகிவிட்டார். பேப்பருக்குக் கொடுத்த விளம்பரத்தில் ‘ராக் இசை மேதை’ என்று வேறு போட்டாயிற்று. ஜனார்தனுக்கு ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. இன்ஷூரன்ஸ் ஆபீசில் வேலை; மிச்ச நேரமெல்லாம், சினிமாப் பக்கம் போகாமல் சொந்தக் காசில் ஆல்பம் போடும் ராக் குழுக்களை இணையத்தில் திட்டி எழுதுவார். படிக்கிறவர்கள் முப்பது பேர் தேறலாம். அதில் பாதிப் பேர் திட்டு வாங்கியவர்கள்.

ஆல்பம் கேட்கும்போது அவரைக் கூப்பிடக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். காஸ் சிலிண்டர் வந்தாலும் சரி, மாமனார் வந்தாலும் சரி.

இன்று காலையும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். பத்து மணிக்குக் காப்பி கொண்டுபோய் வைத்தாள். அரை மணி கழித்து வந்தால் ஆடை கட்டிக்கொண்டு அப்படியே இருந்தது. “ஏன்னா, நன்னாருக்குன்னு சொல்லத்தான் வாய் வராது, காப்பி குடிக்கவுமா வராது?” என்று கத்திவிட்டு, எடுத்துப்போய்ச் சூடு பண்ணி, மறுபடி கொண்டுவந்து வைத்து, மறுபடி திட்டினாள். பதினோரு மணிக்குப் பொறுமை போய் ஹெட்போனைப் பிடுங்கினாள். தலையும் கூடவே வந்தது.

நடுவிலிருந்த அந்த ஒரு மணி நேரத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

வாசலில் பைக் நின்ற சத்தம். கறுப்பு டீ ஷர்ட்டில் ஓர் இளைஞனும், கையில் மாலையோடு ஒரு பெண்ணும் தயங்கித் தயங்கி வந்தார்கள்.

“அம்மா, நான் ரெங்கராஜ். பொன்மலைலேருந்து வரோம். இவங்க ஃபெமினா, எங்க குரூப்ல பாடுறவங்க. சார் காலைல கேட்டது எங்க ஆல்பம்தாங்க.”

“உங்க பாட்டா?” என்று வெங்கட்ராகவன் நிமிர்ந்தார், கொலைக் கேசில் ஆள் அகப்பட்டது போல.

ரெங்கராஜ் அவரை விட்டுவிட்டு அவள் பக்கம் குனிந்தான். “அஞ்சாவது பாட்டப் பத்தி சார் ஏதாச்சும் சொன்னாருங்களாம்மா?”

“இப்ப அதான் முக்கியமா?”

“இல்லங்கம்மா... ஒவ்வொரு பாட்டு முடிஞ்சதும் போன் போட்டுத் திட்டுவாரு. நாலு பாட்டுக்கும் திட்டினாரு. இது ட்ரம்ஸா, தகர ஷெட்டான்னு கேட்டாரு. அஞ்சாவதுக்குப் போன் வரல.”

“முத தடவையா சாருக்குப் புடிச்சிருச்சுன்னு நினைச்சோங்க” என்றாள் ஃபெமினா. “கேக் வெட்டிட்டோம்.”

பிளக்கிலிருந்து அரவிந்தவல்லியின் கை நழுவியது. பெட்டியின் ரீங்காரம் நின்றது. யாரோ ஓடிவந்து அழுத்திப் பிடித்தார்கள்.

“எத்தனை மணிக்கு நின்னுது போன்?”

“பத்து அடிக்கறதுக்கு முன்னாடியேம்மா.”

முதல் காப்பிக்கும் முன்னால்.

“தசமின்னு வெச்சுக்கோங்கோ” என்றாள் வாத்யாரிடம். “ஒரு மணி நேரம் செத்துப்போனவரோட சண்டை போட்டிருக்கேன். பாட்டுக் கேக்கறார்னு நெனச்சுண்டு.”

“மன்னி! பேப்பருக்குக் குடுத்தாச்சு! வாட்ஸப் குரூப்ல எல்லாருக்கும் அனுப்பியாச்சு!”

“மாத்து. எதையும் சும்மா நன்னாருக்குன்னு சொன்ன மனுஷன் இல்ல அவர். அவர் செத்ததை மட்டும் நீ எதுக்கு ஒசத்திச் சொல்றே?”

வெங்கட்ராகவன் போனை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார். ஒரு வைகுண்டம் கைநழுவிப்போன முகம்.

அவள் ரெங்கராஜிடம் திரும்பினாள். “அந்தப் பாட்டைப் போடு.”

“இப்பவாம்மா?”

“பின்ன? பதிமூணாம் நாளா?”

ஃபெமினா தன் இயர்போனை அவள் காதில் மாட்டிவிட்டு, போனைக் கையில் கொடுத்தாள். வெளியே அமரர் ஊர்திக்காரர் ஹார்ன் அடித்தார். உள் அறையில் அழுதுகொண்டிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். அரவிந்தவல்லி ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். இந்த மாதிரிப் பாட்டு ஒன்றை அவள் முழுசாகக் கேட்பது இதுதான் முதல் தடவை. வாத்யார் பஞ்சாங்கத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

“ரொம்ப நீளம்” என்றாள், முடிந்ததும். “நடுவுல அந்த ட்ரம்ஸ், காதுக்குள்ள ஆணி அடிக்கறாப்ல இருக்கு. இவ பாடறது ஒரு வார்த்தை கேக்கல.”

“சரிங்கம்மா” என்றான் ரெங்கராஜ், கையைக் கட்டிக்கொண்டு. முகமெல்லாம் நனைந்திருந்தது.

ஆறாவது பாட்டு தானாகவே தொடங்கியது. அவள் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை.