மங்களம் பாடிய பிறகும் மிச்சமிருந்த பக்கங்கள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஓசி சர்க்கரைப் பொங்கலில் பிறந்தது. மலேசியாவில், பாடாங் செராய்க் கோயில் மண்டபத்தில் வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் நாட்டின் அரசியலமைப்புச் சட்டத்தைச் சத்தமாகப் படிக்கிறார்கள். ஒரு சுற்று முடிய ஒரு வருடம் ஆகும். ஆளுக்கு ஒரு விதியாக மலாயில் வாசிக்க, செயலாளர் சுகுமாரன் தமிழில் விளக்குவார். நான் கதை தேடித்தான் போனேன். (சரி, பொங்கலுக்கும்தான்.)

2

முதல் தொடக்கம்: ‘சட்டம் என்பது ஒரு தேசத்தின் ஆன்...’ வேண்டாம். பேச்சுப்போட்டி வாடை அடிக்கிறது.

இரண்டாவது: மருதம்மாள், ஐம்பத்திரண்டு வயது, கையுறைத் தொழிற்சாலையில் வேலை. பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில்தான் பிறந்தார். ஆனால் கையில் இருக்கும் அடையாள அட்டை சிவப்பு ஐ.சி. இந்த நாட்டில் இருக்கலாம், ஓட்டுப் போட முடியாது, குடிமகள் இல்லை. இரண்டு வருடமாகக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்கிறார். வாசிக்கக் கூப்பிட்டால் எழமாட்டார்.

“சிவப்பு வச்சிருக்கிறவங்க இதைத் தொட்டுப் படிக்கலாமான்னு தெரியல லா.”

கேட்டதும் எனக்கு மனசே சரியில்லை. இவர்தான் கதை என்று முடிவு செய்தேன்.

3

கடைசி விதி முடிந்த அன்று சுகுமாரன் புத்தகத்துக்குச் சந்தனம் வைத்து மங்களம் பாடிவிட்டார். புராணம் படித்துப் பழகிய கூட்டம். மங்களம் பாடினால் புத்தகத்தை மூடிவிட வேண்டும்.

“தம்பி, பின்னாடி இன்னும் பக்கம் இருக்கே?” என்றார் மருதம்மாள்.

“அது அட்டவணை, அக்கா. சும்மா லிஸ்ட்டு.”

“பதினாலாம் விதியில, யாரு குடிமக்கள்னு ரெண்டாம் அட்டவணையில பாருன்னு இருக்கே. போன சுத்துல எனக்குப் புரியல. இந்தச் சுத்துலதான் காதுல ஏறுச்சு.”

(ஒரே சட்டத்தை ஏன் வருடா வருடம் படிக்க வேண்டும் என்று இங்கே ஒரு கட்டுரை வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். அந்த அம்மாளே சொல்லிவிட்டார்.)

சுகுமாரன் பக்கத்தைத் தேடி எடுத்து, அவரையே படிக்கச் சொன்னார். மருதம்மாள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். இங்கே பிறந்த பிள்ளைக்கு, பிறந்த நேரத்தில் தாய் தகப்பனில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால்... அந்த வரியில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“நான் பொறக்கும்போது எங்கம்மா சிவப்பு வச்சிருந்தாங்க. அது நிரந்தரவாசிதானே, தம்பி?”

சுகுமாரன் தலையில் அடித்துக்கொண்டார். “ரெண்டு வருசமா நான்தான் மூடி மூடி வச்சிருக்கேன்க்கா.”

4

முடிவு அ: பதிவு அலுவலகத்தில் குடிமக்களுக்கான நீல ஐ.சி. கிடைக்கிறது, எல்லாரும் அழுகிறோம்.
முடிவு ஆ: அதிகாரி இன்னொரு தாள் கேட்கிறார், பிறகு இன்னொ...

‘அ’வை மருதம்மாளிடம் படித்துக் காட்டினேன். அம்மாவின் பழைய அட்டையையும் தன் பிறப்புப் பத்திரத்தையும் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டே கேட்டார்.

“கிழிச்சுப் போடுங்க சார். கதையிலேயே வாங்கிக் குடுத்துட்டா, நான் எதுக்குத் திங்கக்கிழமை லீவு போட்டிருக்கேன்?”

கிழித்துவிட்டேன். திங்கட்கிழமை பதிவு அலுவலகத்துக்கு என் காரில்தான் போகிறோம். அப்படியானால் கதையை எப்படித்தான் முடிப்பது என்று கேட்டேன்.

“அவங்க எதைச் சொன்னாலும் வெள்ளிக்கிழமை புதுச் சுத்து தொடங்கும்போது முதல் விதியை நான்தான் படிக்கிறேன். அதை வேணா எழுதிக்குங்க.”

எழுதிவிட்டேன். திங்கட்கிழமையை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை அவரிடம் மட்டும் காட்டிவிடாதீர்கள்.